சாவி மறந்தனன்

ஏப்ரல் 9, வியாழன்

இரும்பு ஆயிரத்து ஐந்நூற்றுச் சொச்சம் டிகிரியில் உருகும். நான் எழுதவேண்டிய கிரகத்தின் பகல் பக்கம் ஏறக்குறைய இரண்டாயிரத்து நானூறு. ஈரோட்டில் இன்று நூற்று இரண்டு, அதுவும் பாரன்ஹீட்டில். ஆனால் அந்தக் கிரகத்தில் மத்தியானம் யாரும் ரசம் வைக்க வேண்டியதில்லை.

கோடை விடுமுறைக்குக் கோளரங்கத்தில் புதுக் காட்சி. "சூடா ஒண்ணு குடுங்க மேடம்" என்றார் சபாநாயகம் சார், எங்கள் இயக்குநர். டீ கேட்பது போலக் கேட்டார். கடகராசியில் ஐம்பத்தைந்து என்று எண்ணிட்ட விண்மீனைச் சுற்றும் ஐந்து கோள்களில் மிக உள்ளே இருப்பதைத் தேர்ந்தெடுத்தேன். நம்மிடமிருந்து நாற்பத்தோர் ஒளியாண்டு. இன்று இங்கே வந்து சேரும் அதன் ஒளி கிளம்பியபோது எனக்கு மூன்று வயது. பூமியைப் போல இரண்டு மடங்கு அகலம், எட்டு மடங்கு எடை. தன் சூரியனை ஒட்டிக்கொண்டு சுற்றுவதால் அதன் ஓர் ஆண்டு பதினெட்டு மணி நேரம்கூட இல்லை.

சார் தாளைப் புரட்டிவிட்டு, "வைரக் கிரகம்னு போட்டிருக்கலாமே? நெட்ல அப்படித்தானே இருக்குது" என்றார்.

"ஒரு குழு அப்படிக் கணக்குப் போட்டுச் சொன்னது சார். அந்த விண்மீன்ல அவ்வளவு கரி இல்லைன்னு பின்னாடி வந்தவங்க சொல்லிட்டாங்க."

"ஜனங்களுக்கு அதெல்லாம் எதுக்குங்க?"

பதினோரு வருடங்களாக அந்தக் குவிமாடத்தின் இருட்டில் நான்தான் பேசுகிறேன். காட்சிக்கு எழுதுவதும் நான், ஒலிவாங்கி முன் உட்கார்ந்து நேரடியாகச் சொல்வதும் நான். என் முகம் யாருக்கும் தெரியாது. காய்கறிக் கடையில் விலை கேட்டால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். அந்த ஜனங்களுக்கு எது எதற்கு என்று எனக்குத் தெரியாதா?

வைரத்தை எடுத்துவிட்டேன்.

ஏப்ரல் 13, திங்கள்

அந்தக் கோளுக்கு அதிகாரபூர்வமாக ஒரு பெயர் உண்டு. கண்ணாடி வில்லை தேய்த்துக்கொண்டிருந்த ஒரு பழங்காலத்து ஐரோப்பிய ஆண்மகனின் பெயர். அவர் அதைப் பார்த்ததும் இல்லை, கேள்விப்பட்டதும் இல்லை.

ஒத்திகையில் ரெஜினா கத்தினாள். படக்கருவியையும் ஒலியையும் கவனிப்பவள் அவள்தான். "அக்கா, வளையலைக் கழட்டுங்க! மாடம் பூராவும் கலகலங்குது. புது மைக், ஊசி விழுந்தாக்கூடக் கேக்கும்." கழற்றினேன். கழற்றிய பிறகுதான் கைக்குக் காற்று வந்தது.

ஏப்ரல் 16, வியாழன்

என் வீட்டுக்காரர் காலை ஏலத்துக்குக் கிளம்பும்போது வெளிக் கம்பிக் கதவைப் பூட்டிவிட்டுப் போனார். எப்போதும் அப்படித்தான், பத்தொன்பது வருடங்களாக. மஞ்சள் மண்டியில் ஏலம் சீக்கிரம் தொடங்கும். நான் தூங்கிக்கொண்டிருப்பேன், திருடன் வந்துவிடுவான், அதனால் பூட்டு. எனக்கான சாவி ஆணியில் தொங்கும். இன்று தொங்கவில்லை. இரண்டும் அவருடைய கொத்தில் போய்விட்டன. ஏலச் சத்தத்தில் போனும் கேட்கவில்லை.

காலைக் காட்சிக்குப் பழைய ஒலிப்பதிவை ஓட்டி ரெஜினா சமாளித்தாள். பதினொரு மணிக்கு மேல் வந்து கதவைத் திறந்தார். "அட, மறந்துட்டேன் போ" என்றார். மத்தியானத்துக்குக் கீரை கடையச் சொன்னார்.

இதை ஏன் எழுதுகிறேன்? ஒன்றும் நடந்துவிடவில்லை. கம்பிகளுக்கு இந்தப் பக்கம் நின்று கொஞ்ச நேரம் தெருவைப் பார்த்தேன். பிறகு அடுப்படிக்குப் போனேன். பருப்பு வேகும்போது ஐந்து வரி வந்தது. கிரகத்தைப் பற்றி.

ஏப்ரல் 18, சனி

காட்சிக்கான உரை முடிந்தது. முதல் பாதி தரவு. இரண்டாம் பாதி கதை, நானே கட்டியது.

அந்தக் கோள் பூட்டப்பட்டது. நிலவு நமக்கு ஒரே முகத்தைக் காட்டுவது போல அதுவும் தன் விண்மீனுக்கு ஒரே முகத்தைக் காட்டிக்கொண்டு சுற்றுவதாகத்தான் கணிக்கிறார்கள். அந்த முகத்தில் பாறை உருகிக் கடலாகக் கிடக்கும். அங்கிருந்து பார்த்தால் அதன் சூரியன் நம் சூரியனைப் போல அறுபது மடங்கு அகலமாக வானத்தை அடைத்து நிற்கும். பின்பக்கத்தில் விடியலே கிடையாது.

நான் அவளுக்குத் தீமுகத்தாள் என்று பெயர் வைத்தேன். ஒரு காலத்தில் பம்பரம் போலச் சுழன்று விளையாடியவள். அவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்ட விண்மீன், "என்னைத் தவிர எதையும் பார்க்காதே" என்று பிடித்து நிறுத்தியது. முகம் வெந்தது. அவளுக்கு முதுகில் கண் முளைத்தது. வெளியே தூரத்தில் சுற்றும் நான்கு உடன்பிறந்தாள்களுக்கு, தான் முதுகால் கண்ட வானத்தை அவள் கதையாகச் சொல்லி அனுப்புகிறாள். இதற்கு நடுவே வியாழக்கிழமை வந்த வரிகளை வைத்தேன்.

திரும்பா முகத்தள் தீஎதிர் நிற்போள்
முதுகின் கண்ணால் மீன்பல எண்ணும்
பூட்டிய கொழுநன் சாவி மறந்தனன்
ஓராண்டு என்பது ஒருபகல் அன்றோ
எத்தனை ஆண்டுகொல் எரிந்தனள் அவளே.

கடைசியில் ஓர் ஏகாரம். ஏகாரம் போட்டுவிட்டால் நேற்று எழுதியதும் பழசாகிவிடும். அது ஒரு விளையாட்டு. கல்லூரியில் விடுதி முழுக்க என்னிடம் இப்படி எழுதி வாங்கிப் போவார்கள். இயற்பியல் வகுப்பில் உட்கார்ந்து வெண்பா எழுதினேன் என்று வெளியே அனுப்பப்பட்டதும் உண்டு. திருமணத்துக்குப் பிறகு எழுதியதில்லை. நேரமில்லை, அவ்வளவுதான்.

அவர் சாப்பிடும்போது படித்துக் காட்டினேன். "ம்" என்றார். பிறகு, "மோர் இருக்குதா?" என்றார்.

ஏப்ரல் 24, வெள்ளி

மத்தியானம் குடும்பக் குழுவில் ஒரு படம் வந்து விழுந்தது. அனுப்பியவர் என் கணவர் மயில்சாமி. ஓலைச்சுவடிப் பின்னணி, மூலையில் எங்கள் கோளரங்கத்தின் முத்திரை, நடுவில் என் ஐந்து வரிகள். அதற்குக் கீழே: "ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே வெளிக்கோளைக் கண்ட சங்கப் புலவன்! வெள்ளைக்காரன் நேற்றுத்தான் கண்டுபிடித்தான்!" அதற்கும் கீழே அவருடைய சொந்தச் சேர்க்கையாகக் கைகூப்பும் பொம்மைகள்.

என் நாத்தனார், "மெய் சிலிர்க்கிறது" என்று போட்டிருந்தாள்.

அவர் வீட்டுக்கு வந்ததும் கேட்டேன்.

"பாத்தியா? உங்காபீஸ் பாட்டுதான். மண்டியே பேசுது."

"இது நான் எழுதினதுங்க."

"எது?"

"இந்தப் பாட்டு. போன சனிக்கிழமை உங்ககிட்டப் படிச்சுக் காட்டினனே."

போனை எடுத்து மறுபடி பார்த்தார். பெரிதாக்கிப் பார்த்தார். "அது வேற என்னமோ இல்ல? இது பழசு மாதிரியல்ல இருக்குது. நீ எழுதினா இப்படியா புள்ள இருக்கும்?"

என்னை மட்டம் தட்டுவதற்காகச் சொன்னதல்ல. சாதாரணமாக, அன்பாகவே சொன்னார். கையில் இருந்த டம்ளரை மெதுவாகத்தான் கீழே வைத்தேன். அதற்கு எனக்குத் தனியாகப் பாராட்டு தர வேண்டும்.

ஏப்ரல் 25, சனி

சபாநாயகம் சார் அறையில் நின்றுகொண்டே பேசினேன். உட்காரச் சொன்னார், உட்காரவில்லை.

"நீங்க குடுத்த உரையில பாடல்னு மட்டும் போட்டிருந்தீங்க மேடம். ஏகாரத்துல முடியுது. 'கொல்' எல்லாம் வருது. சங்கப் பாட்டுன்னுதானே எவனும் நெனைப்பான்?"

"கேட்டிருக்கலாமே சார்."

"என்னத்தைக் கேக்கறதுங்க? தமாஷ் பண்ணாதீங்க. நெசமாவே நீங்களா?"

எதிரிலேயே இன்னும் இரண்டு வரி அதே நடையில் சொன்னேன், அவரையும் அவருடைய சுழல் நாற்காலியையும் வைத்து. சிரிப்பு நின்றது. எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

"சரிங்க, நீங்கதான். இப்ப என்ன பண்ணச் சொல்றீங்க? நம்ம நிர்வாகக் குழுச் சேர்மன் மேடையில பேசிட்டாரு. புதுக் காட்சிக்கு இப்பவே இடமில்லை. போன மாசம் இந்தக் கட்டடத்தைக் கல்யாண மண்டபமா மாத்தலாம்னு பேசினவங்க அவங்க. இதுல உங்களுக்கு என்னங்க நட்டம்? உங்க பாட்டுக்கு ஈராயிரம் வயசு கூடிப்போச்சு, சந்தோஷப்படுங்க."

"என் பாட்டுக்கு வயசு கூடிடுச்சு சார். எனக்குப் பேர் இல்லாமப் போச்சு."

"பேரு... பேரு என்னங்க பெரிய பேரு."

அவர் அறைக் கதவில் அவர் பெயர் பித்தளையில் இருக்கிறது. வாரத்துக்கொரு முறை அதற்குப் பாலிஷ் போட ஆள் உண்டு.

கடைசியாக என்னிடம் இருந்ததைச் சொன்னேன். "சாவிங்கறது போர்ச்சுகீசியர்கிட்டே இருந்து வந்த சொல் சார். சங்க காலத்துல சாவி கிடையாது, திறவுகோல்தான். தமிழ் படிச்ச யாராவது ஒருத்தர் பார்த்தாலே போதும்."

முகம் வெளுத்துவிட்டது. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்து வெளியே வந்தேன். முட்டாள். தப்பைத் திருத்துவார் என்று நினைத்தேன். அவர் தப்பைக் காப்பாற்ற ஆள் தேடப் போனார்.

ஏப்ரல் 27, திங்கள்

மாவு அரைத்தேன். கிரைண்டர் கல்லைத் தூக்கும்போது யாரையெல்லாம் நினைத்தேன் என்பதை எழுதாமல் விடுகிறேன்.

ஏப்ரல் 29, புதன்

ஆள் கிடைத்துவிட்டார். முனைவர் இளவழுதி, ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர். தும்பைப் பூ வேட்டி, இனிய குரல். திறப்பு விழாவில் பாட்டுக்கு உரை சொல்லப் போகிறவர். நான் எடுத்துச் சொல்ல வேண்டிய விஷயம் என்பதால் என்னையும் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள்.

"சாவி பிற்காலச் சொல்லுன்னு நீங்கதான் ஐயப்பட்டதா?" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். "நல்ல கேள்விம்மா. கேக்கணும். சரி, நெல்லு பால் பிடிக்காம, மணி வைக்காம, வெறும் பதராப் போச்சுன்னா உங்க ஊர்ல என்னம்மா சொல்லுவாங்க?"

என் வாயே பதில் சொல்லிவிட்டது. "சாவியாப் போச்சும்பாங்க."

"அவ்வளவுதான்!" என்று மேசையைத் தட்டினார். சபாநாயகம் சார் நாற்காலியோடு ஒரு சுற்றுச் சுற்றினார்.

எங்கள் அப்பா சொல்லிக் கேட்ட சொல். வாய்க்காலில் தண்ணீர் வராத வருடம் வயலைப் பார்த்துவிட்டு வந்து, "மொத்தமும் சாவி" என்பார். என் சொல்லையே எடுத்து என் வாயை அடைத்தார் அந்த மனிதர்.

அதற்குப் பிறகு ஆறாக ஓடியது உரை. பூட்டிய என்றால் ஏர் பூட்டிய. கொழு என்றால் ஏர்க்கொழு, ஆகவே கொழுநன் இங்கே கணவன் அல்ல, உழவன். ஏர் பூட்டிய உழவன் பதராய்ப் போன பயிரைக் கண்டு தன்னை மறந்தான். புதியதொரு வெங்கோள் வானில் எரிந்த ஆண்டில் ஏற்பட்ட வறட்சியைக் குறிக்கும் வானியல் சார்ந்த வேளாண் பாட்டு. இதை ஒரு கட்டுரையாகவே எழுதப்போகிறாராம்.

"அப்ப முகத்தள்னு வர்றது யாருங்க ஐயா?"

"நிலமகள்மா. நிலத்தைப் பெண்ணாச் சொல்றது மரபு."

"எரிந்தனள் அவளேன்னா?"

"பயிர்."

"ஐயா, இதை நான்தான் எழுதினேன். இந்த மாசம். என் வீட்டுச் சமையலறையில."

அவர் கோபப்படவில்லை. என்னைப் பரிவோடு பார்த்தார். "ஒரு நல்ல பாட்டைப் படிச்சா நாமே எழுதின மாதிரிதாம்மா இருக்கும். அதுதான் இலக்கியம்."

சபாநாயகம் சார் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குத் தெரியும். தெரிந்துகொண்டே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏப்ரல் 30, வியாழன்

பயிராம்!

மே 1, வெள்ளி

அவருக்கு இன்று மண்டி விடுமுறை. மாம்பழம் நறுக்கிக் கொடுத்தேன். பேராசிரியர் சொன்ன உரையைச் சொன்னேன். கொழு, ஏர், பதர் எல்லாம் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. கொட்டையை வெகுநேரம் சப்பிக்கொண்டிருந்தார்.

"அன்னைக்கு ரெண்டு சாவியும் என்ற கொத்துல போயிருச்சே, அதையா புள்ள எழுதினே?"

பத்தொன்பது வருடத்தில் முதல் தடவையாக நான் எழுதியதை ஒருவர் சரியாகப் படித்திருக்கிறார். எனக்கு அந்த நிமிஷம் சந்தோஷம் வந்திருக்க வேண்டும்.

"கிரகத்தைப் பத்தி எழுதினேன்" என்றேன்.

"பூட்டிய கொழுநன்னா நானா?"

"கிரகம்ங்க. அதோட விண்மீன்."

"இல்ல, நீதான் எழுதியிருக்கே. இப்பத் தெரியுது." விரலைத் துடைத்துக்கொண்டார். "அந்த ஐயா சொல்றபடி பதர்னே இருந்துட்டுப் போகட்டும். நம்ம வீட்டுக் கதவை எதுக்கு ஊரெல்லாம் பாக்கோணும்? நானும் இருநூறு பேருக்கு அனுப்பிட்டேன், சங்கப் பாட்டுன்னு."

ஆக, உலகத்தில் எனக்கு ஒரே ஒரு சாட்சி. அவருக்குப் பதர்தான் வசதி.

அந்தப் பாட்டு அவரைப் பற்றியதல்ல. திரும்பத் திரும்ப எழுதுகிறேன், அது அவரைப் பற்றியதல்ல. ஆனால் அதில் ஒரு பெண் இருந்தாள். சபாநாயகம் அவளுக்கு ஓர் ஆண் புலவனைக் கொடுத்தார். இளவழுதி அவளை வயலாக்கினார். இவர் கதவைச் சாத்தினார். மூன்று பேரும் நல்லவர்கள். யாரும் என்னிடம் குரல் உயர்த்தவில்லை. நான் மட்டும்தான் பல்லைக் கடித்துக் கடித்துத் தாடை வலியோடு உட்கார்ந்திருக்கிறேன்.

மே 4, திங்கள்

சனிக்கிழமை திறப்பு. சார் ஒரு வாக்கியத்தைத் தட்டச்சுச் செய்து கையில் கொடுத்தார். பாட்டுக்கு முன்னால் நான் சொல்ல வேண்டியது: "ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன், பெயர் அறியப்படாத நம் புலவர் ஒருவர் பாடினார்."

"இதை நான் சொல்ல மாட்டேன் சார். வேற யாராவது சொல்லட்டும்."

"உங்க குரல்லதான் மேடம் அது நிக்கும். விழா முடிஞ்சதும் அதையே பதிவு பண்ணி எல்லாக் காட்சிக்கும் வெச்சுக்கப் போறோம். முடியலைன்னா சொல்லிடுங்க. சென்னையில ஒருத்தர் இருக்காரு, நல்ல கனமான குரல். மொத்தமும் அவரே பேசிடுவாரு. அதுக்கப்பறம் உங்களுக்கும் இந்த அலைச்சல் இருக்காது."

இவ்வளவுதான் விஷயம். சொன்னால், என் பாட்டை நானே என் வாயால் வேறொருவனுக்கு எழுதிக் கொடுக்கிறேன், நான் செத்த பிறகும் அந்த மாடத்தில் அது ஓடும். சொல்லாவிட்டால் மாடம் போய்விடும். அந்த இருட்டு போய்விடும். நான் பேசி யாராவது கேட்கிற ஒரே இடம் அதுதான்.

"யோசிச்சுச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன். பதினோரு வருடத்துக்கு அது போதுமா என்று திட்டிக்கொண்டே படியிறங்கினேன்.

ரெஜினா கீழே காத்திருந்தாள். "அக்கா, ஓலைச்சுவடிப் படம் செஞ்சு குடுக்கச் சொல்லியிருக்காங்க. கணினியில பழுப்புக் கலர் ஏத்தி, ஓரத்தைக் கரையான் அரிச்ச மாதிரி பண்ணிட்டிருக்கேன். எனக்கே அசிங்கமா இருக்குது."

"கரையானை நல்லாப் போடு. அது ஒண்ணுதான் உண்மையா இருக்கும்."

"நீங்க என்னக்கா பண்ணப் போறீங்க?"

"தெரியலை."

"தெரியலைன்னா முகம் இப்படியா இருக்கும்? அடுப்புல வெச்ச தோசைக்கல்லு மாதிரி இருக்குது."

மே 6, புதன்

வெயில் நூற்று நான்கு. வீட்டில் ஃபேன் வெந்நீர் ஊற்றுகிறது. கோளின் பின்பக்கமே ஆயிரம் டிகிரிக்கு மேல் இருக்கும் என்று ஒரு கணக்கு உண்டு. அதாவது முதுகைத் திருப்பிக்கொண்டாலும் தப்ப முடியாது. அதை உரையில் சேர்த்தேன்.

மே 8, வெள்ளி

பட்டுப் புடவை தேய்த்து வைத்தேன். அவருக்கு வேட்டி தேய்த்து வைத்தேன். வளையலை இன்றைக்கே கழற்றிவிட்டேன். அந்த வாக்கியம் தட்டச்சுச் செய்த தாள் கைப்பையில் இருக்கிறது. அதைச் சொல்லிப் பார்த்தேன், ஒரு தடவை, குளியலறையில். என் குரலில் எவ்வளவு உண்மையாக இருந்தது! பயந்துபோய்க் குழாயைத் திறந்துவிட்டேன்.

மே 9, சனி

இரண்டு பேரும் வண்டியில் போனோம். கோளரங்க வாசலில் நிறுத்திவிட்டு, "வேட்டியில எங்க வெக்கறது, இந்தா, உன்ற பையில போடு" என்று சாவிக் கொத்தைக் கொடுத்தார். வண்டிச் சாவி, கம்பிக் கதவின் இரண்டு சாவிகள், பழநியில் வாங்கிய சின்ன வெண்கல மணி. சத்தியமாக அதுவரை எனக்கு எந்த யோசனையும் இல்லை.

சேர்மன் ரிப்பன் வெட்டினார். இளவழுதி ஐயா இருபது நிமிஷம் பேசினார். ஏர் வந்தது, கொழு வந்தது, சாவி என்ற சொல்லில் நிறுத்தி, "பதர்! பதர்!" என்று இரண்டு தடவை சொன்னார். கைதட்டல். என் கணவரும் தட்டினார், மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து.

விளக்குகள் அணைந்தன. நான் என் மேசைக்குப் போனேன்.

முதல் பாதியைச் சொன்னேன். நன்றாகவே சொன்னேன். நாற்பத்தோர் ஒளியாண்டு, உருகிய பாறைக் கடல், பதினெட்டு மணி நேரத்துக்குள் முடிந்துபோகும் ஓர் ஆண்டு. அங்கே ஒரு வாரத்துக்குள் ஒன்பது பிறந்தநாள் வரும் என்றபோது யாரோ சிரித்தார்கள். ரெஜினா கோளைச் செக்கச்செவேலென்று தலைக்குமேல் கொண்டுவந்து நிறுத்தினாள். தீமுகத்தாளின் கதையைச் சொன்னேன். முதுகில் கண் முளைத்தது வரை வந்தாயிற்று. அடுத்தது அந்த வாக்கியம்.

தாள் கையில் இருந்தது. இருட்டில் எழுத்து தெரியவில்லை, தெரிய வேண்டிய தேவையும் இல்லை, மனப்பாடம். "ஈராயிரம்" என்று தொடங்க மூச்சை இழுத்தேன். முன்வரிசையில் சபாநாயகம் சாரின் வழுக்கை சிவப்பு வெளிச்சத்தில் பளபளத்தது. ஒரு சின்னக் கோள் மாதிரி இருந்தது. எனக்கு ஆத்திரம் வந்தது. பெரிய ஆத்திரம் இல்லை, பெரியதெல்லாம் முன்பே வந்து போய்விட்டது. மிகச் சின்ன, சுத்தமான ஆத்திரம்.

வாக்கியத்தை விட்டுவிட்டேன். நேரே பாட்டுக்குப் போனேன். திரும்பா முகத்தள். முதுகின் கண்ணால். "பூட்டிய கொழுநன்" என்று சொல்லும்போதே என் கை பைக்குள் போயிருந்தது. "சாவி" என்றேன். கொத்தை எடுத்து ஒலிவாங்கிக்கு முன்னால் பிடித்து ஆட்டினேன்.

மூன்று சாவிகளும் பழநி மணியும் குவிமாடம் முழுக்கக் கலகலத்தன. ஊசி விழுந்தாலே கேட்கும் மைக் அது.

மூன்றாவது வரிசையில் ஒருவர் எழுந்து நின்று மடியைத் தடவினார், சட்டைப் பையைத் தட்டினார். "ஐயோ, என்ற சாவி!"

மண்டிக் குரல். ஏலத்தில் கத்திப் பழகிய குரல். கடைசி வரிசைக்கும் கேட்டது.

பிறகு மாடமே சிரித்தது. பின்னாலிருந்து ஒருத்தர், "அடப் பாவமே, சாவின்னா சாவிதானுங்களா!" என்றார். இன்னொரு பெண் குரல், "பின்ன? பூட்டிட்டு மறந்துட்டுப் போயிட்டான், அதானே பாட்டு?" என்றது. யார் என்று தெரியவில்லை. எனக்கு அவள் முகம் தெரியாது, அவளுக்கு என் முகம் தெரியாது. ஒரே நொடியில் உரை முடிந்துவிட்டது, கட்டுரை ஏதும் இல்லாமல்.

இளவழுதி ஐயா, "அது வந்து..." என்று தொடங்கியது எனக்குக் கேட்டது. அவரிடம் மைக் இல்லை.

"மறந்தனன்" என்று வரியை முடித்தேன். மிச்ச இரண்டு வரிகளையும் சொன்னேன். பிறகு சொன்னேன்: "இந்தப் பாட்டை எழுதியவள் பெயர் கோகிலவாணி. வயது நாற்பத்து நான்கு. எழுதியது இந்தச் சித்திரை மாதத்தில், ஈரோட்டில், பருப்பு வேகும் நேரத்தில். கோளைப் பற்றிச் சொன்னவை ஆய்வாளர்கள் அளந்தவை. கதை நான் கட்டியது. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்."

ஓலைச்சுவடிப் படத்தை ரெஜினா போடவே இல்லை. நான் அவளிடம் கேட்டுக்கொள்ளவும் இல்லை. கோளை மெதுவாகத் திருப்பி, யாரும் பார்க்காத அதன் இருண்ட பக்கத்தைக் காட்டி, அதன்மேல் மொத்த விண்மீன்களையும் கொட்டினாள்.

வெளியே வந்ததும் சார் என்னைத் தூணுக்குப் பின்னால் அழைத்துப் போனார். "திங்கக்கெழமையில இருந்து நீங்க வர வேண்டாங்க மேடம். சேர்மன் முன்னாடி என்னை..." கைக்குட்டையால் வழுக்கையைத் துடைத்துக்கொண்டார். ஒரு கணம் பாவமாகக்கூட இருந்தது. கோடை முகாம் பிள்ளைகள் அடுத்த காட்சிக்குப் படியெல்லாம் உட்கார்ந்து கத்திக்கொண்டிருந்தார்கள். சென்னைக் குரல் சென்னையில் இருந்தது. "இதை மட்டும் பேசிக் குடுத்துட்டுப் போங்க" என்றார் சார், தரையைப் பார்த்து.

பேசினேன். வாக்கியம் எதுவும் சேர்க்காமல், என் பெயரோடு, முழுதாக. பிள்ளைகள் சாவியை இன்னொரு தடவை ஆட்டச் சொன்னார்கள். ஆட்டினேன்.

மாடத்துக்குள் போன் அணைத்து வைப்பது விதி. அதனால் என் கணவர் கூப்பிட்டது எனக்குத் தெரியாது. சன்னல் வழியாக நான் பார்த்தது மட்டும் தெரியும். இரண்டாம் காட்சி தொடங்குவதற்கு முன், வண்டி நிறுத்தும் இடத்தில், நிழல் இல்லாத சிமெண்ட் தரையில் அவர் வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். உள்ளே வந்து உட்காரலாம். வரவில்லை. உள்ளே எல்லோரும் "சாவிக்காரர்" என்று அவரைக் காட்டிச் சிரிக்கிறார்களாம், ரெஜினா பிறகு சொன்னாள். சாவி இல்லாமல் வெளியேயும் போக முடியாது.

நான் அவசரப்படவில்லை. காட்சி முடிந்து, பிள்ளைகள் கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொல்லி, ரெஜினாவோடு ஒரு டீ குடித்து, என் மேசை டிராயரில் இருந்த பொருட்களைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கினேன்.

அதே இடத்தில் நின்றிருந்தார். வெயில் அடித்த பக்கம் அவர் முகத்தின் ஒரு பாதி மட்டும் சிவந்திருந்தது.

"சாவி உன்ற பையிலதான் இருக்குதுன்னு உனக்குத் தெரியாதா?"

"மறந்துட்டனுங்க" என்றேன்.

என்னையே பார்த்தார். நானும் பார்த்தேன், திரும்பாமல். கண்ணை அவர்தான் முதலில் தாழ்த்தினார்.

"எத்தன நேரமா நிக்கறேன் தெரியுமா புள்ள?"

"ஒரு வருசங்கூட ஆகலீங்க."